எஸ்கேப் ஆனவருக்குக் குடை கொடுத்த கதை

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, சான்றிதழ் வாங்கிய முட்டாள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு ஊழியனாகச் சேர்ந்து, வாசற்கதவைக் காப்பது எப்படி என்று பயிற்சி எடுத்து, தேர்வெழுதி, எல்லாக் கேள்விக்கும் சரியான பதிலைப் போட்டு, வந்த சான்றிதழைக் கம்பைநல்லூரில் இருக்கும் என் மனைவி கோமதிக்கு வாட்ஸப்பில் அனுப்பி, அவள் அதை ஸ்டேட்டஸில் வைத்து, சொந்தக்காரர்களெல்லாம் பூங்கொத்துப் படம் போட்டு வாழ்த்திய அதே வாரத்தில், மறதி நோய் உள்ள ஒரு பெரியவரை நானே கதவைத் திறந்து மழைக்குள் வழியனுப்பி வைத்தேன். சும்மா அனுப்பவில்லை. நனைந்துவிடப் போகிறாரே என்று என் குடையையும் கையில் கொடுத்தேன்.

எங்கள் இல்லத்தின் வாசற்கதவில் தாழ்ப்பாள் கிடையாது, எண் அழுத்தும் பெட்டிதான் உண்டு. வெளியிலிருந்து வருபவர் மணியடித்தால் போதும், சிரித்த முகத்தோடு திறந்துவிடுவோம். உள்ளிருந்து போவதற்குத்தான் எண் தெரிய வேண்டும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த கதவுகளெல்லாம் வெளியே நிற்பவனை நம்பாதவை. உள்ளே இருப்பவரை நம்பாத கதவை இங்கேதான் முதலில் பார்த்தேன். பார்த்த அன்று திக்கென்றுதான் இருந்தது. முதல் மாதச் சம்பளம் வந்ததும் பழகிவிட்டது.

அடுத்த அதிர்ச்சி ஒரு சொல்லில் வந்தது. 'எஸ்கேப்' என்பதை நான் ஆங்கிலமாகவே நினைத்ததில்லை. தர்மபுரி மாவட்டத்தில் அது தக்காளி மாதிரி. எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, எல்லாக் குழம்பிலும் விழும். டீ குடித்துவிட்டுக் காசு கொடுக்கும் நேரம் பார்த்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்பவன் எஸ்கேப். கல்யாண வீட்டில் பந்திக்குப் பரிமாற ஆள் தேடும்போது காணாமல் போகிறவன் எஸ்கேப். பெண் பார்க்கக் கிளம்புகிற நாளில் மொரப்பூரில் ரயிலேறிவிடும் மாப்பிள்ளையும் எஸ்கேப்தான். எங்கள் பக்கம் யாரும் எஸ்கேப் செய்வதில்லை, எஸ்கேப் 'ஆகிறார்கள்'. பெரிய மனுசன் ஆவது, மாமனார் ஆவது போல அதுவும் ஓர் ஆவது. சொல்கிறவனும் சிரிப்பான், ஆனவனும் சிரிப்பான், அடுத்த வாரம் அதே டீக்கடையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே வந்து பார்த்தால் அந்தச் சொல்லுக்கு மூச்சுவிட நேரமில்லை. குழாயிலிருந்து வாயு எஸ்கேப் ஆகிறது. சன்னலைச் சாத்து, சூடு எஸ்கேப் ஆகிறது என்கிறார்கள். தீப்பிடித்தால் பின்பக்கமாக இறங்கும் இரும்புப் படிக்கட்டுக்குப் பெயரே அதுதான். கடற்கரை விடுதிக்காரன் வாரக் கடைசிக்கு எஸ்கேப் ஆகி வரச்சொல்லி விளம்பரம் போடுகிறான். எங்கள் மேலாளர் லிண்டாவின் கண்ணிலிருந்து எதுவும் எஸ்கேப் ஆகாது என்று முதல் நாளே எச்சரித்தார்கள். அன்றைக்கே ஓர் அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யுவர் நேம் எஸ்கேப்ஸ் மி, லவ்" என்றார். கண்ணே, உன் பெயர் என்னிடமிருந்து தப்பி ஓடிவிட்டது என்கிறார். என் பெயர் சிவப்பிரகாசம். அவ்வளவு நீள உடம்பைத் தூக்கிக்கொண்டு அது எப்படி ஓடியிருக்கும் என்று நின்று யோசித்தேன்.

இத்தனை வாக்கியங்களை அனுமதிக்கிற ஊரில் ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் தடை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் நான் சொல்லி மாட்டினேன்.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். குளிர்காலத்தில் இங்கே நாலு மணிக்கே விளக்கேற்றிவிடுவார்கள். வெளியே பொடி மழை. வாசற்கதவருகே உயரமான பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். பளபளவென்று பூட்ஸ், முழங்கால் வரை கோட்டு, கழுத்தில் டை, தலையில் தட்டையான தொப்பி. என் மனதில் இல்லத்தில் வசிப்பவர் என்றால் கம்பளிச் செருப்பும் சக்கர நாற்காலியும்தான். இவர் என் கல்யாணத்துக்கு நான் உடுத்தியதைவிட நன்றாக உடுத்தியிருந்தார். யாரையோ பார்க்க வந்தவர் திரும்பிப் போகிறார் என்று முடிவு செய்தேன்.

"கதவைத் திறக்கிறாயா, மகனே?" என்றார்.

யார் வெளியே போனாலும் போகுமிடத்தைக் கேட்டுவிட்டுத்தான் எண்ணை அழுத்த வேண்டும். அது விதி. தேர்வில் எழுதிய விதி. 'வேர் ஆர் யூ கோயிங்' என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. வந்து நின்றுகொண்டது. வெளியே கிளம்பி நிற்கும் மனிதரைப் பார்த்து அதைக் கேட்க என் நாக்கு மறுத்துவிட்டது.

ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். கல்லூரி முடித்து வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலம். அப்பா புளி வியாபாரத்துக்காகச் சித்தேரி மலைக்குக் கிளம்பினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பல் துலக்கிக்கொண்டிருந்த நான், பாசம் பொங்கி, "எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்பா வாசற்படியில் வைத்த காலை எடுத்தார். திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்கும்போது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனது.

கூட்டாளியாகப் போக வேண்டிய புளி மண்டி பாய் தேடிக்கொண்டு வந்தார்.

"என்னங்கண்ணா, செருப்பக் கழட்டிட்டு உக்காந்துட்டீங்க?"

"எங்கன்னு கேட்டுப்புட்டான் பாய்."

"யாரு, நம்ம பட்டதாரியா?"

"அவனேதான். பதினஞ்சு வருசம் படிச்ச படிப்புக்கு இந்தக் கேள்விதான் வாயில வருது."

"சரி வுடுங்க. இனி போயும் ஆவாது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று பாயும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மதமெல்லாம் வேறாக இருக்கலாம், இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊரே ஒரே கட்சி. கிளம்புகிறவரிடம் 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் நடக்காது. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றால், "தூரமாங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் விரும்பினால் ஊர் பெயரைச் சொல்வார். விரும்பாவிட்டால் "பக்கந்தான்" என்று போய்விடுவார்.

ஆகவே நான் அந்தக் கோட்டுக்காரரிடம் மரியாதையாக, "ஃபார்?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாட் ஃபார், சன்."

அவ்வளவுதான். எண்ணை அழுத்தினேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். மழையைப் பார்த்துவிட்டு என் குடையை எடுத்து நீட்டினேன். 'போ' என்று ஒருவரைச் சொல்லக்கூடாதே என்று, "கோ அண்ட் கம்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தொப்பியின் விளிம்பைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒரு வெள்ளைக்காரரை முறையாக வழியனுப்பிய திருப்தியில் உள்ளே வந்து ஒரு பாட்டுகூட முணுமுணுத்தேன்.

தேநீர் நேரத்தில் லிண்டா வந்து கேட்டார். "ஃப்ராங்க்கை யாராவது பார்த்தீர்களா?"

"எந்த ஃப்ராங்க்?" என்றேன் நான்.

"நீ விடுப்பில் இருந்தபோது வந்தவர். உயரமாக இருப்பார். எப்போதும் தொப்பி போட்டிருப்பார்."

தொப்பி என்ற சொல் காதில் விழுந்ததும் வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தேன். கையில் இருந்த தேநீர்த் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது: "ஃப்ராங்க் எஸ்கேப்டு."

கரண்டிச் சத்தம் நின்றது. சமையல்காரர் எட்டிப் பார்த்தார். லிண்டா என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அந்தச் சொல்லை இங்கே யாரும் சொல்வதில்லை. எஸ்கேப் ஆகிறவர்கள் கைதிகள். இவர்கள் இங்கே வாழ்கிறவர்கள். ஃப்ராங்க் துணையில்லாமல் கட்டடத்தை விட்டுச் சென்றிருக்கிறார். அப்படித்தான் சொல்ல வேண்டும்."

எனக்கு இன்னோர் அதிர்ச்சி. கிழவர் மழையில் எங்கேயோ நிற்கிறார், இங்கே வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். காற்றும் சூடும் வாயுவும் பெயரும் எஸ்கேப் ஆகலாம். எண் போட்டுப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிற மனிதர் மட்டும் ஆகக்கூடாது. இந்த நேரத்தில் போய் என் அசட்டுத்தனம் சும்மா இருந்ததா? "துணையில்லாமல் இல்லை. குடையோடு போயிருக்கிறார்" என்றேன்.

லிண்டாவின் முகம் வெளுத்தது. "கதவைத் திறந்தது நீயா?"

"ஆமாம்."

"எங்கே போகிறீர்கள் என்று கேட்டாயா?"

"அது கேட்கக்கூடாது."

"என்னது?"

"கேட்டால் போகிற காரியம் நடக்காது."

இல்லத்தில் புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டும் போலிருக்கிறதே என்பது மாதிரி என்னைப் பார்த்தார். "நடக்கக்கூடாது என்பதற்காகத்தானே கேட்கச் சொல்கிறோம்!" என்று கத்தினார். அந்த ஊரில் அன்றுவரை யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

காவல்துறைக்குப் போன் போனது. ஆட்கள் தோட்டத்தில் தேடினார்கள். வெளியே மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். நனைந்த உடம்போடு அந்த வயதில் ஒருவர் ஓர் இரவைத் தாண்ட மாட்டார் என்று சமையல்காரர் மெதுவாகச் சொன்னார். எனக்கு என் விசாவும் நினைவுக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. இந்த வேலை போனால் விசா போகும், விசா போனால் அடுத்த விமானம். ஆனால் அந்த நிமிடத்தில் கண்ணுக்கு முன்னால் நின்றது விமானம் இல்லை. தொப்பியின் விளிம்பைத் தொட்ட அந்த விரல்கள்தான். ஒரு மனிதரைச் சாகக் கொடுப்பதற்கு இவ்வளவு மரியாதையாகக் கதவைப் பிடித்திருக்கிறேனே என்று நினைத்தபடியே கோட்டை மாட்டினேன்.

லிண்டா தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். தெரு முனை திரும்பும்போது, தனக்குத்தானே பேசுவதுபோல, "கடவுளே, ஃப்ராங்க் எஸ்கேப்டு" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "நீ அதைக் கேட்கவில்லை" என்றார். கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.

"வேறு ஏதாவது சொன்னாரா?"

"தூரமா என்று கேட்டேன். தூரமில்லை என்றார்."

லிண்டா காரை நிறுத்தியேவிட்டார். பிறகு வந்த வழியே திருப்பி வேகமெடுத்தார். "அவர் வீடு நாலு தெரு தள்ளித்தான்" என்றார்.

நான் முதலில் பார்த்தது குடையைத்தான். ஒரே மாதிரி செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில், ஒரு வீட்டு வாசற்படியில் என் குடை விரிந்திருந்தது. அதற்குக் கீழே ஃப்ராங்க் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் ஒரு சாவி. என்னைப் பார்த்ததும், பக்கத்து வீட்டுக்காரனிடம் முறையிடுவதுபோல, "சாவி சேரமாட்டேன் என்கிறது" என்றார். உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு வந்த சந்தோஷம் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டது. ஏனென்றால் அப்போதுதான் முன்புறச் செடிகளுக்கு நடுவே நட்டிருந்த பலகையைப் பார்த்தேன். வீடு விற்கப்பட்டுவிட்டது என்று பெரிய எழுத்தில் இருந்தது.

லிண்டா என் காதருகே சொன்னார். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பழுது, இரண்டு வாரத்துக்குத்தான், சரியானதும் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் மகள் அவரைக் கொண்டுவந்து விட்டாளாம். வேறெப்படிச் சொன்னாலும் வரமாட்டார், தனியே விட்டால் அடுப்பை அணைக்க மாட்டார், பாவம் அவள்தான் என்ன செய்வாள் என்றார். வீட்டை அதற்கு முன்பே விற்றாயிற்று, புதிய வீட்டுக்காரர் பூட்டை மாற்றியிருக்கிறார். அந்தத் தெருவில் நான் ஒருவன்தான் வாயைப் பிளந்து நின்றேன். மற்றவர்களுக்கு இது நடக்கிற விஷயம்.

ஃப்ராங்க்கைத் தூக்கி நிறுத்திக் காருக்கு நடத்தினோம். வந்தபோது இருட்டில் பலகையைக் கவனித்திருக்க மாட்டார். இப்போது கார் விளக்கு அதன்மேல் அடித்தது. நான் குடையைப் பலகைப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவருடைய இன்னொரு தோள் முழுக்க நனைந்தது. "பாய்லர் இன்னும் ஆகவில்லை போல" என்றார் காரில். "இன்னும் இல்லை, ஃப்ராங்க்" என்றார் லிண்டா. ஃப்ராங்க் என்னைப் பார்த்தார். "இன்னும் இல்லை" என்று நானும் சொன்னேன்.

ஃப்ராங்க் காய்ச்சலோடு தப்பித்தார். நான் கடைசி எச்சரிக்கையோடு தப்பித்தேன். விடிந்ததும் கோமதிக்கு வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெரியவருக்கு இப்ப எப்பிடி இருக்குதுங்க?"

"தேவல. கஞ்சி குடிச்சாரு."

"அப்பறம் ஏன் மொகம் இப்பிடி இருக்குது?"

"இங்க டவர் சரியில்ல."

"டவரெல்லாம் நல்லாத்தான் இருக்குது, மொகந்தான் சரியில்ல. ஏங்க, கொடையக் குடுத்தீங்களாமே? கலியாணமாகி இத்தன வருசத்துல எனக்கு ஒரு நாளு கொடை புடிச்சிருக்கீங்களா?"

"நம்மூர்ல மழை எங்கடி பெய்யுது?"

"வெயிலுக்குப் புடிக்கக் கூடாதா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இனிமேட்டு அவரு கதவுகிட்ட வந்தா எங்கன்னே கேளுங்க" என்றாள். "கேட்டுட்டு உக்கார வச்சுத் தண்ணி குடுங்க. மாமா அன்னிக்கு உக்காந்தவரு எந்திரிச்சாரா?"

அதற்குப் பிறகு வெகுநேரம் எனக்கு மொரப்பூர் நடைமேடைதான் ஞாபகத்தில் ஓடியது. நான் கிளம்பிய அன்று சொந்தக்காரர் கூட்டமே வந்திருந்தது. ஒருவராவது 'எங்கே' என்று கேட்டால்தானே? "தூரமா மாப்ள?" என்றார்கள், "தூரந்தானுங்க" என்றேன். அதனாலேயே என் சின்ன மாமா இன்றுவரை நான் கனடாவில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். போனில் கனடா பனியை விசாரிப்பார், நானும் திருத்தாமல் இங்கிருக்கிற பனியைச் சொல்வேன். ரயில் நகர்ந்தபோது என்னோடு படித்த ஒருவன் கூடவே ஓடிவந்து, "எஸ்கேப் ஆயிட்டடா மச்சான்!" என்று கத்தினான். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். கோமதி சிரித்தாளா என்று அன்று நான் பார்க்கவில்லை. குடும்பத்தைக் கூட்டிவர முடியாத விசாவை வாங்கிக்கொண்டு போகிறவனைப் பற்றி அந்த வாக்கியத்தை எத்தனை பேர் சிரிக்காமல் சொல்லியிருப்பார்கள் என்பது, சொல்லவே கூடாத ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

காய்ச்சல் தெளிந்ததும் ஃப்ராங்க் தினமும் மாலையில் கோட்டும் தொப்பியுமாகக் கதவருகே வந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்கே போகிறீர்கள், ஃப்ராங்க்?" என்று கேட்டேன். முதல் முறை கேட்டபோது என் அப்பாவுக்கே துரோகம் செய்ததுபோல இருந்தது. ஃப்ராங்க் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், ஒரு நாள் டிப்போவுக்கு என்பார், ஒரு நாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர என்பார். உட்காருங்கள், ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாம் என்று நாற்காலியை இழுப்பேன். தண்ணீரை மதிக்க மாட்டார், தேநீர் வேண்டும். குடித்து முடிக்கும்போது எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோயிருக்கும். லிண்டா இதைப் பார்த்துவிட்டு, இந்த முறையை எந்தப் பயிற்சியில் கற்றாய் என்று கேட்டார். கம்பைநல்லூர் என்றேன். நல்ல கல்லூரியா என்றார். ரொம்பப் பழையது என்றேன்.

ஆனால் அந்த வெற்றி ஒருமுறைகூட எனக்கு இனித்ததில்லை. எண் பூட்டு தடுப்பதைவிட நான் நன்றாகத் தடுக்கிறேன். பூட்டின் மேல் அவருக்குக் கோபமாவது வரும். என்னிடம் நன்றி சொல்லிவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தருகிறார்.

சில மாதம் கழித்து எனக்கு ஒரு மாத விடுப்பு கிடைத்தது. வேலை முடிந்து, கோட்டை மாட்டி, பெட்டியை இழுத்துக்கொண்டு கதவருகே வந்தேன். விமான நிலையத்துக்குப் போகும் பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஃப்ராங்க் தன் நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். என் கை எண் பெட்டிக்கு நீண்டபோது பின்னாலிருந்து கேட்டார். "எங்கே போகிறாய், மகனே?"

கை அப்படியே நின்றது. என் வாழ்நாளில் பெட்டியோடு கிளம்பி நிற்கும்போது யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. பஸ்ஸைப் பற்றி யோசித்தேன், விமானத்தைப் பற்றி யோசித்தேன். வேறு வழி தெரியவில்லை. திரும்பி வந்து பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். கண்ணாடிக் கதவில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம், கோட்டும் கிளம்பிய முகமுமாக.

"வீட்டுக்கு, ஃப்ராங்க்" என்றேன். "கொஞ்ச நாள்தான். சீக்கிரம் திரும்பி வந்துவிடுவேன்."

அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்."